ஐந்தில் மூன்றும் 'த்ரீ பை ஃபைவ்'வும்

எட்டாம் வகுப்புப் பிள்ளை யாரையாவது கூப்பிட்டு, "விகிதமுறு எண் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஒப்பிக்கும். "பி பை க்யூ வடிவில் எழுதக்கூடிய எண். பி, க்யூ இரண்டும் முழுக்கள். க்யூ பூச்சியம் ஆகாது." பேஷ். க்யூ ஏன் பூச்சியம் ஆகாது என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பதில் வராது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஒன்றைத் தாண்டுமா, தாண்டாதா? பிள்ளை பேனாவைத் தேடும். சில பிள்ளைகள் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதிக் காட்டும். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அது அரையை விடக் குறைந்து போயிற்றே என்று அதற்கு உறைக்காது. உறைக்கும்படி யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் வாத்தியார் இல்லை. புதுச்சேரியில் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவியின் ஊர் திருவண்ணாமலை என்பதால் இங்கே வந்து சேர்ந்தோம். சாயங்காலம் திண்ணையில் நாலைந்து பிள்ளைகள் வந்து உட்காரும், காசு வாங்குவதில்லை. அந்தத் தகுதி போதும் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன்: பின்னக் கணக்கை நம் ஊரில் தலைகீழாக நடத்துகிறார்கள். விதி முதலில் வருகிறது, விஷயம் வருவதே இல்லை. 'குறுக்கே பெருக்கு', 'கவிழ்த்துப் போட்டுப் பெருக்கு', 'மீ.சி.ம. எடு' என்று மந்திரம் மாதிரி மூன்று வாக்கியம். மந்திரத்துக்கு அர்த்தம் கேட்டால் "பரீட்சைக்கு வராது" என்கிறார்கள்.

முதல் கோளாறு வாயிலேயே இருக்கிறது. பிள்ளைகள் 3/5 என்பதை 'த்ரீ பை ஃபைவ்' என்று படிக்கிறார்கள். தமிழ் வழியில் படிக்கிற பிள்ளையும் 'மூன்று பை ஐந்து' என்கிறது. இந்த 'பை' என்ன பை? அரிசிப் பையா? நம் பாட்டிமார் 'அஞ்சுல மூணு' என்றார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஐந்தில் என்று சொல்லும்போதே பொருளை ஐந்தாக வகுந்தாகிவிட்டது. மூன்று என்னும்போது மூன்றை எடுத்தாகிவிட்டது. செய்ய வேண்டிய வேலை, செய்ய வேண்டிய வரிசையில், இரண்டே சொல்லில் இருக்கிறது. இதை விட்டுவிட்டு 'பை' என்கிறோம்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அங்கே மேலே இருக்கும் எண்ணுக்கு நுமெராத்தர் என்று பெயர், கீழே இருப்பதற்கு தெனோமினாத்தர். எங்களுக்கு எடுத்த கணக்கு வாத்தியார் (காரைக்கால் பக்கத்துக்காரர், கோபக்காரர், நல்ல மனிதர்) முதல் நாளே அந்தச் சொற்களைப் பிரித்துப் போட்டார். நுமெராத்தர் என்றால் எண்ணுகிறவன். தெனோமினாத்தர் என்றால் பெயர் வைக்கிறவன். கீழே இருப்பது 'இது என்ன ஜாதித் துண்டு' என்று பெயர் சொல்லும். மேலே இருப்பது 'அதில் எத்தனை' என்று எண்ணும். அவ்வளவுதான் பின்னம். அரையையும் மூன்றில் ஒன்றையும் அப்படியே கூட்டுவது ஒரு மாங்காயையும் ஒரு தேங்காயையும் கூட்டுவது மாதிரி. இரண்டு என்று எண்ணலாம், இரண்டு என்ன என்று பெயர் சொல்ல முடியாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். ஆறில் ஒன்று என்பது அந்தப் பெயர். அரை என்பது ஆறில் மூன்று, மூன்றில் ஒன்று என்பது ஆறில் இரண்டு. சேர்ந்தால் ஆறில் ஐந்து. மீ.சி.ம. என்ற பூதம் இங்கேதான் வருகிறது, அது வெறும் பொதுப் பெயர் தேடுகிற வேலை. இதைச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் போதும். தமிழில் தொகுதி, பகுதி என்ற நல்ல சொற்கள் இருந்தும் அவற்றைப் பிரித்துச் சொல்வாரைக் காணோம்.

கவிழ்த்துப் பெருக்குவதும் இப்படித்தான். முக்கால் லிட்டர் பால் இருக்கிறது. டீக்கடை கிளாஸ் அரைக்கால் லிட்டர் பிடிக்கும். எத்தனை கிளாஸ்? ஆறு. திண்ணையில் ஆறாம் வகுப்புப் பையன் விரலை மடக்கிச் சொல்லிவிட்டான். அவனிடமே 3/4 ÷ 1/8 என்று எழுதிக் கொடுத்தேன், விழித்தான். ஒரு லிட்டருக்கு எட்டு கிளாஸ், ஆகவே முக்கால் லிட்டருக்கு எட்டில் முக்கால் பங்கு. அதனால்தான் எட்டால் பெருக்குகிறோம். கவிழ்ப்பதற்குக் காரணம் இதுதான். இதே கிளாஸை வைத்தே பூச்சியத்தையும் சொல்லிவிடலாம். ஒன்றும் பிடிக்காத கிளாஸால் முக்கால் லிட்டரை எத்தனை தரம் மொண்டு தீர்ப்பது? ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். க்யூ ஏன் பூச்சியம் ஆகாது என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் என் வயதுக்காரர்கள் சிலர் மீசையை முறுக்குவார்கள். "அதெல்லாம் நம் முன்னோர் கரைத்துக் குடித்தது சார். முந்திரி, காணி, மா, மாகாணி என்று உலகத்தில் எவனுக்கும் இல்லாத பின்னம் நமக்கு இருந்தது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வாரா வாரம் வருகிறது. அனுப்புகிறவரைக் கூப்பிட்டு, "மூன்று மாவும் ஒரு மாகாணியும் எவ்வளவு?" என்று கேட்டால் அழைப்பைத் துண்டித்து விடுகிறார். பெருமைக்குப் பட்டியல், கணக்குக்குக் கால்குலேட்டர்.

பட்டியலில் உள்ளது உண்மைதான், மறுக்கவில்லை. 320-இல் ஒன்று முந்திரி. அது இரண்டானால் அரைக்காணி, நான்கானால் காணி, அதாவது 80-இல் ஒன்று. காணி இரண்டு சேர்ந்தால் அரைமா, நான்கு சேர்ந்தால் மா, 20-இல் ஒன்று. 16-இல் ஒன்று மாகாணி, வீசம் என்றும் சொல்வோம். மாகாணி இரண்டு அரைக்கால், நான்கு கால். பெயரைப் பாருங்கள்: மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 4/80-உம் 1/80-உம் 5/80, அதாவது 1/16. கூட்டல் கணக்கே பெயராகி உட்கார்ந்திருக்கிறது. வேலிக்கு 20 மா என்று காவிரிப் பக்கத்தில் நிலம் அளந்ததும், ரூபாய்க்கு 16 அணா என்று வெள்ளைக்காரன் காலத்தில் காசு எண்ணியதும் இந்தச் சட்டகத்தில் அழகாகப் பொருந்தின. ஓரணா என்பது ரூபாயில் ஒரு வீசம்.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தது. ஓரணாவுக்கு ஆறே கால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று பட்டியல் போட்டார்கள். ஓரணாச் சாமானைத் தனித்தனியாக நாலு தரம் வாங்கினால் 24 பைசா, ஒரே தரம் வாங்கினால் 25. அந்தக் காலத்துக் கடைக்காரரும் வாடிக்கைக்காரரும் போட்ட சண்டையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைவிட நல்ல பாடம் எட்டாம் வகுப்புக்குக் கிடைக்குமா? 25 பைசா நாணயமே 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது, நாம் இன்னும் 'நாலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை' என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்று திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்த வாய்பாடுகளைப் பற்றிப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நெல்லுக்கு ஒரு இலக்கம், பொன்னுக்கு ஒரு இலக்கம், குழிக்கு ஒரு வாய்பாடு. பிள்ளைகள் படித்தது அன்றாடம் புழங்கிய அளவுகளை. அது சரி. ஆனால் அந்தத் திண்ணையில் எந்தத் தெருப் பிள்ளை உட்கார்ந்தது, எந்தத் தெருப் பிள்ளை உட்காரவில்லை, பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் பெருமை பேசுகிறவர்கள் ஒரு வரி சேர்த்து அனுப்பலாம். கணக்குத் தெரிந்தவன் கணக்குப்பிள்ளை ஆனான். தெரியாதவன் அவன் எழுதியதற்குக் கீழே கைநாட்டு வைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முந்திரி வரைக்கும் உள்ள பின்னங்களில் மூன்றுக்கு இடமில்லை. 320 என்பது இரண்டும் ஐந்தும் மட்டுமே பெருகி வந்த எண். மூன்றில் ஒன்றை அதில் எழுதிப் பாருங்கள். காலே மாகாணி போடுங்கள், காணி போடுங்கள், அரைக்காணியும் போடுங்கள்; 106 முந்திரி ஆகும். இன்னும் முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம். தசமத்திலும் இதே கதைதான், பத்தும் இரண்டும் ஐந்தும் பெருகி வந்ததுதானே. 0.3333 என்று தாள் தீரும் வரை எழுதினாலும் மூன்றில் ஒன்று அகப்படாது. ஆக, பழைய முறையைத் தலையில் தூக்கி ஆடுகிறவரும், "தசமம் இருக்க பின்னம் எதற்கு, கால்குலேட்டரில் தட்டினால் போச்சு" என்கிறவரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். எந்த முழு எண்ணாலும் பங்கு போடலாம், பங்குக்கு அதன் பெயரையே வைக்கலாம் என்பதுதான் விகிதமுறு எண்ணின் விசேஷம். மூன்று, ஏழு, தொண்ணூற்றாறு எதுவானாலும் சரி.

தொண்ணூற்றாறு என்று சும்மா சொல்லவில்லை. சென்ற ஆண்டு ஒரு பெண்மணி பாகப் பிரிவினைக்கு யாரோ எழுதிக் கொடுத்த நகலோடு வந்தார். பக்கத்துக் கிராமம். அவருடைய மகள் என் திண்ணையில் உட்காருகிற பிள்ளை. விவரம் இதுதான். மாமனார் தாமே சம்பாதித்து வாங்கிய நிலம் 4 ஏக்கர் 80 சென்ட். உயில் இல்லை. அவர் இறந்தபோது மாமியார், இரண்டு மகன்கள், ஒரு மகள். இரண்டாவது மகன், அதாவது இந்த அம்மாளின் கணவர், பிறகு இறந்தார். அதற்குப் பிறகு மாமியாரும் காலமானார். நகலில் இருந்த கணக்கு: மூத்தவருக்கு 180 சென்ட், மகளுக்கு 180 சென்ட், இவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 120. "உன் புருஷன் பங்கு கால் பங்கு. அது குறையாமல் குடுத்திருக்கு. கிழவி பங்கு உயிரோட இருக்கிற பிள்ளைங்களுக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். நியாயமாகத்தான் காதில் விழுகிறது, இல்லையா?

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மாமனார் இறந்ததும் நால்வருக்கும் தலைக்குக் கால். கணவர் இறந்ததும் அவருடைய காலுக்கு வாரிசு அவருடைய தாய், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆக நான்கு பேர். தலைக்கு ஒரு வீசம். அப்போது மாமியார் கையில் காலே மாகாணி, 5/16. மாமியார் இறந்ததும் அது மூன்றாகும்: மூத்த மகன், மகள், இறந்த மகனின் பிள்ளைகள். ஒவ்வொரு பங்கும் 5/48. மாமியார் சொத்தில் மருமகளுக்கு இடம் இல்லை, அது வேறு வழக்கு, இன்னொரு நாள் திட்டுகிறேன். பேரப் பிள்ளைகள் இருவரும் அந்த 5/48-ஐப் பாதியாக்கினால் தலைக்கு 5/96.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். கணக்கில் பள்ளியில் தொண்ணூறுக்கு மேல் வாங்குகிற பிள்ளை. "கண்ணு, உன் பங்கு ஒரு வீசமும் 96-இல் அஞ்சும். சேர்த்துச் சொல்லு."

"கால்குலேட்டர் இருக்கா தாத்தா?"

கொடுத்தேன். 0.1145833 என்று வந்தது. "இதுல எத்தனை சென்ட் தாத்தா?" என்றது. இரண்டு தசம இலக்கத்தோடு நிறுத்தி எல்லோருடைய சதவீதத்தையும் எழுதச் சொன்னேன். 35.42, 35.42, 6.25, 11.46, 11.46. கூட்டினால் 100.01. இல்லாத நிலம் எங்கிருந்து வந்தது என்று அதற்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு இருவரும் பொதுப் பெயர் தேடினோம். எல்லாவற்றையும் 96-இல் எழுதினால் மூத்தவருக்கு 34, மகளுக்கு 34, இந்த அம்மாளுக்கு 6, பிள்ளைகளுக்குத் தலைக்கு 11. கூட்டினால் மிச்சம் மீதி இல்லாமல் 96. நிலம் 480 சென்ட். 96-ஆல் வகுத்தால் ஒரு பங்குக்குச் சரியாக ஐந்து சென்ட். 170, 170, 30, 55, 55. அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து 140 சென்ட் வர வேண்டும். நகலில் இருந்தது 120. இருபது சென்ட் என்றால் 8,712 சதுர அடி, மூன்றரை கிரவுண்டுக்கும் மேல். "நான் கையெழுத்துப் போடறதா இருந்தேன் ஐயா" என்றார் அந்த அம்மா. மகள் ஒன்றும் பேசவில்லை, நோட்டில் 11/96 என்று எழுதி அதைச் சுற்றிக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

நகல் எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இருந்தது என்றும் நினைக்கவில்லை. அவரும் 'கவிழ்த்துப் பெருக்கு' படித்தவர்தான். காலைப் பிடித்துக்கொண்டு காலின் காலைக் கோட்டைவிட்டார். சட்டம் தெரியாமல் போனது பாதி, ஒரு பங்குக்குள் இன்னொரு பங்கு விழுவதை மனத்தில் பார்க்கத் தெரியாதது பாதி. அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், பங்குக் கணக்கு புரியாமல் கையெழுத்துப் போட்டவர்களில் பெண்கள்தான் அதிகம்.

இதை ஒரு பள்ளி ஆசிரியரிடம் சொன்னேன். "சார், நீங்க சொல்றது சரி. ஆனா சிலபஸ் முடிக்கணும். எட்டாவதுல என்.எம்.எம்.எஸ். பரீட்சை வேற இருக்கு. கதை சொல்லிக்கிட்டு இருந்தா எப்படி?" என்றார். அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு படும் பாட்டை, நாலு பேரை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் கேலி செய்யக்கூடாது. ஆனாலும் கேட்கிறேன், ஆறாம் வகுப்பில் பின்னம், ஏழில் பின்னம், எட்டில் விகிதமுறு எண், ஒன்பதில் மெய்யெண் என்று நான்கு வருஷம் இதே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறோமே, முதல் வருஷத்திலேயே பத்து நாள் நின்று போயிருந்தால் மற்ற மூன்று வருஷமும் மிச்சம் ஆகாதா? கிரிவலம் 14 கிலோமீட்டர். வழி தெரியாதவன் நான்கு முறை சுற்றினாலும் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

குறை எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. -3/5 என்றதும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இதற்கு ஐஸ் உறையும் தேசத்துத் தெர்மாமீட்டரைக் காட்டுகிறார்கள் சில புத்தகங்களில். திருவண்ணாமலை வெயிலில் பூச்சியத்துக்குக் கீழே டிகிரியை எந்தப் பிள்ளை கண்டது? கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் குறை எண்ணைக் கடன் என்றும் நிறை எண்ணைச் செல்வம் என்றும் சொல்லித்தான் விதிகளை எழுதினார். கடன் என்றால் நம் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், வீட்டில் தினமும் கேட்கிறார்கள். ஐந்து பேர் சேர்ந்து வாங்கிய கடனில் மூன்று பேர் பங்கை நான் தலையில் போட்டுக்கொண்டால் என் கணக்கில் -3/5. போர்வெல் ஆழம் இன்னொரு உதாரணம். தரை பூச்சியம், கீழே போகப் போகக் குறை.

வரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசச் சொல்லி, எங்கள் தெருவில் உறுப்பினராக இருக்கும் அம்மாள் ஒருவரிடம் ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மூன்றே கோரிக்கைதான். வகுப்பில் 'பை' வேண்டாம், 'ஐந்தில் மூன்று' என்று படிக்கட்டும். முதல் பத்து நாள் விதி எதுவும் சொல்லாமல் காகிதத்தை மடித்தும் பாலை ஊற்றியும் நிலத்தைப் பிரித்தும் காட்டட்டும். மூன்றாவது, எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பட்டாவைக் கொண்டு வந்து, அதில் உள்ள ஹெக்டேர், ஏர் கணக்கைச் சென்டாக மாற்றி, வீட்டில் உள்ள வாரிசுகளுக்குப் பங்கு போட்டுக் காட்ட வேண்டும். நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று அந்த அம்மாள் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்களுக்கு ஊரின் பொது ஏரியைக் கொடுக்கலாம் என்றேன். தலைக்கு எத்தனையில் ஒன்று வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.